பாட்டு கட்டத் தொடங்குகிறவர்களுக்கு, ஒரு மைக்செட்காரன் சொல்வது

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு மைக்செட் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தபோது எனக்கு வயது 15. குழாய் ஸ்பீக்கரைத் தென்னையில் கட்டுவது, வயர் இழுப்பது, ராத்திரி முழுக்க ஆம்பிளிஃபயர் பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருப்பது, இவ்வளவுதான் வேலை. செவ்வாய்க்கிழமை அம்மன் கோவில் கொடைத் திருவிழா, வெள்ளிக்கிழமை சர்ச் திருவிழாக் கொடியேற்று, நடுவில் ஒரு கல்யாணம், ஒரு சடங்கு வீடு. எல்லாச் சாமிக்கும் ஒரே ஆம்பிளிஃபயர். அந்தப் பத்து வருடத்தில் காதுக்குள் போனவைதான் பிறகு பாட்டாக வெளியே வந்தன.

இதுவரை நாற்பது சொச்சம் பாட்டு கட்டியிருக்கிறேன். சினிமாவுக்குப் போகவில்லை, போக முயன்றதும் இல்லை. ஒரு பள்ளி ஆண்டு விழாவில் ஒன்று, கொடையில் இரண்டு, சொந்தக்காரர் கல்யாணத்தில் ஒன்று, மேடை கண்டவை இவ்வளவுதான். ஆனாலும் ஊர்ப் பிள்ளைகள் வந்து, "மாமா, பாட்டு எழுதணும், எங்க தொடங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். முறையாகச் சங்கீதம் படித்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததாக இருக்கும். அவர்கள் நேராக மெட்டுக்கு வார்த்தை போடும் இடத்துக்குப் போய்விடலாம்.

முதலில் காதைக் கணக்கெடுங்கள்

பேனாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு, உங்களுக்கு முழுதாகத் தெரிந்த 25 பாட்டுகளை எழுதுங்கள். போனைப் பார்க்கக் கூடாது. பல்லவியும் ஒரு சரணமாவது நினைவிலிருந்து பாட வரவேண்டும், அப்போதுதான் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம் குறியுங்கள். முதலில் எங்கே கேட்டேன்? இத்தனை வருடம் கழித்தும் எது ஒட்டிக்கொண்டிருக்கிறது: மெட்டா, தாளமா, ஒரு சொல்லா, பாடியவர் குரலா?

இது விளையாட்டுப்போல இருக்கும். ஆனால் 25 எண்ணிக்கையைத் தொடப் பலருக்கு இரண்டு நாள் ஆகிறது. 300 பாட்டு தெரியும் என்று வந்த ஒரு பையன் 11-இல் நின்றுவிட்டான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பல்லவியின் முதல் இரண்டு வரி. அப்படியானால் பாட்டு எழுதுவதைத் தள்ளிவைத்துவிட்டு மூன்று மாதம் மனப்பாடம் செய்யுங்கள். உள்ளே சரக்கு இல்லாமல் கடை திறக்க முடியாது.

என் பட்டியலைச் சொல்கிறேன், உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

அதில் ஆறு வில்லுப்பாட்டில் இருந்து வந்தவை. நடுவில் கதை சொல்லிப் பாடும் அண்ணாவி உட்கார்ந்திருப்பார், இரண்டு கையிலும் வீசுகோல். வில்லின் நாணில் அடி விழும்போது கட்டியிருக்கும் மணிகள் எல்லாம் சேர்ந்து குலுங்கும். பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம், கட்டை. குடத்துக்கு மைக் வைப்பது பெரிய கலை. கிட்ட வைத்தால் ஊரே அதிரும், தள்ளி வைத்தால் காணாமல் போகும். அதைச் சரிசெய்ய நான் பக்கத்திலேயே இருக்கவேண்டியிருந்ததால் விடிய விடியக் கதை கேட்டேன். கதை நகரும் இடத்தில் அண்ணாவி பேசுவார். கதையில் அடி விழும் இடத்தில் பாடுவார். பக்கப்பாட்டுக்காரர்கள் கடைசிச் சொல்லைத் திருப்பிப் பாடுவார்கள், இல்லையென்றால் "ஆமா" போடுவார்கள். அந்த ஒரு நொடி இடைவெளியில்தான் கேட்கிற ஜனம் கதையைப் பிடித்துக்கொள்ளும். பின்னாளில் என் பாட்டில் எந்த வரியைத் திருப்பிப் போடுவது என்று தடுமாறும்போதெல்லாம், இங்கே குடக்காரர் "ஆமா" போடுவாரா என்று பார்ப்பேன். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இந்த வில்லைத்தான் புதுக் கதைகளோடு ஊர் ஊராக மேடையேற்றினார். ஜனத்தைச் சிரிக்கவைக்கவும் அதே "ஆமா" போதுமானதாக இருந்திருக்கிறது.

ஐந்து பாட்டு சர்ச்சில் இருந்து. நான் அந்தச் சபைக்காரன் இல்லை. ஆனால் டிசம்பர் மாதம் வீடு வீடாகப் பாடிப்போகும் கேரல் ரவுண்டுக்கு ஜெனரேட்டர் வண்டியோடு போகிறவனுக்குச் சபை ஏது? அங்கே இரண்டு வகை கேட்டேன். கீர்த்தனை நம் ராக தாளத்தில், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நடக்கும். பாமாலைப் பாட்டுகளில் பெரும்பாலானவை மேல்நாட்டு மெட்டில் தமிழ் வரியை ஏற்றியவை. ஒரே ராத்திரியில் இரண்டையும் மாறி மாறிக் கேட்டால், தமிழ் எங்கே சுகமாக உட்கார்ந்திருக்கிறது, எங்கே நெளிகிறது என்று யாரும் சொல்லித்தராமலே புரிந்துவிடும்.

தக்கலையில் பீர் முகம்மது அப்பா தர்காவின் ஆண்டு விழாவில் ஒரு ராத்திரி முழுக்க அவருடைய ஞானப்புகழ்ச்சியைக் கூட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள். வாத்தியம் கிடையாது. குரல் மட்டும். அடி மாறாமல், அவசரப்படாமல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு பாட்டு நிற்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான். கருவிகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன் இதைச் சொல்லக் கூடாதுதான்.

மீதி எல்லாம் ரேடியோவும் கேசட்டும். தெற்கே இருந்ததால் இலங்கை வானொலி எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. மேற்கே திருப்பினால் திருவனந்தபுரம், மலையாளப் பாட்டு. 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. ஊர் இந்தப் பக்கம் வந்தாலும் காது பாதி அந்தப் பக்கமே இருந்துவிட்டது. விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளின் பட்டியலில் இன்றைக்கும் 25-இல் ஏழு எட்டு மலையாளப் பாட்டு வரும். அதற்காக வெட்கப்பட வேண்டாம். அந்த மெட்டுகளில் உள்ள நிதானம் உங்கள் தமிழ்ப் பாட்டுக்கு உதவும்.

பட்டியல் முடிந்ததும் உரக்கப் படித்துப் பாருங்கள். ஒரு சாயல் தெரியும். எனக்குத் தெரிந்தது இது: 25-இல் 16 பாட்டு "தகிட தகிட" என்று மூன்று மூன்றாக நடப்பவை. கொடைக்கு வரும் நையாண்டி மேளம் என் காலில் போட்டுவிட்டுப் போன நடை. எதைக் கட்ட உட்கார்ந்தாலும் அதுவே வந்து நின்றதற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. உங்கள் சாயல் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். முதல் பாட்டை அதிலேயே கட்டுங்கள். இரண்டாவது பாட்டை வேண்டுமென்றே அதற்கு வெளியே கட்டுங்கள்.

மூன்று பாட்டைக் கழற்றிப் பாருங்கள்

ரிப்பேர் படிக்கிறவன் முதலில் நல்ல ரேடியோவைத்தான் கழற்றுவான். பட்டியலில் இருந்து மிகவும் பிடித்த மூன்று பாட்டை எடுத்து, வரிகளைக் கையால் எழுதுங்கள். பிறகு தொடையில் தட்டிக்கொண்டே பாடி, ஒரு வரிக்கு எத்தனை தட்டு என்று எண்ணுங்கள். பெரும்பாலும் நாலு அல்லது எட்டு வரும். அது ஆதி தாளத்துக் குடும்பம். ஆறு வந்தால் ரூபகம் அல்லது மூன்று மூன்றாக நடக்கும் திஸ்ர நடை. ஏழு வந்தால் மிஸ்ர சாபு, கொஞ்சம் கஷ்டமான பாட்டை எடுத்துவிட்டீர்கள், வேறு எடுங்கள்.

அடுத்து வார்த்தையை எடுத்துவிட்டுத் தத்தகாரம் எழுதவேண்டும். இதுதான் முழுத் தொழிலுக்கும் ஸ்க்ரூடிரைவர். குறிலுக்கு ஒரு மாத்திரை, அதாவது "த" அல்லது "ன". நெடிலுக்கு இரண்டு, "தா". குறிலுக்குப் பின்னால் ஒற்று வந்தால் அதுவும் சேர்ந்து இரண்டு, "தன்". சொல்லின் கடைசியில் வரும் ன், ம், ல் பாட்டில் கரைந்துவிடும், அவற்றைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். புலவர்கள் இதற்கு இன்னும் நுணுக்கமான இலக்கணம் வைத்திருக்கிறார்கள். தொடங்குகிறவருக்கு இது போதும்.

கழற்றிய பாட்டின் தத்தகாரத்துக்கு உங்கள் சொந்த வரியை ஏற்றிப் பாருங்கள். நம் ஊர்களில் இது பழைய பழக்கம். சினிமா மெட்டில் அம்மன் பாட்டு, அதே மெட்டில் கிறிஸ்துமஸ் பாட்டு எல்லாம் கேட்டிருப்பீர்கள். பயிற்சிக்கு நல்லது, ஒரு பத்து செய்யுங்கள். வீட்டுக்குள் பாடிக்கொள்ளுங்கள். அதை உங்கள் பாட்டு என்று வெளியிடாதீர்கள், மெட்டு இன்னொருவர் சொத்து.

கருவி என்று பார்த்தால்

போனில் இருக்கும் குரல்பதிவு, ஒரு நோட்டு, சுருதிப் பெட்டி ஆப். முடிந்தது. ஹார்மோனியமோ கீபோர்டோ வீட்டில் இருந்தால் நல்லது, கடன் வாங்கி வாங்கவேண்டாம்.

ஒன்று மட்டும் கட்டாயம்: உங்கள் கட்டையை, அதாவது உங்கள் குரலுக்குப் பொருந்தும் சுருதியை, கண்டுபிடியுங்கள். கீபோர்டில் சி என்று சொல்லும் வெள்ளைக் கட்டைதான் ஒன்று, டி இரண்டு, ஜி ஐந்து. நடுவில் வரும் கறுப்பு, ஒன்றரை என்பது போல அரைக் கணக்கு. ஆண் குரலுக்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டை, பெண் குரலுக்கு ஐந்திலிருந்து ஆறு. சுருதிப் பெட்டியை ஓடவிட்டு, கீழ் சட்ஜமும் (ஸ) மேல் சட்ஜமும் தொண்டையை நெரிக்காமல் தொட முடிகிற இடம்தான் உங்களுடையது. இதைச் செய்யாமல் மெட்டுப் போட்டால் காலையில் போட்ட மெட்டைச் சாயங்காலம் வேறு சுருதியில் பாடிவிட்டு, "நேத்து நல்லா இருந்துதே, இன்னைக்கு என்னாச்சு?" என்று உட்கார்ந்திருப்பீர்கள்.

மெட்டு எங்கிருந்து வரும்

நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு வராது. நடந்தால் வரும், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் வரும். மார்த்தாண்டம் நெரிசலில் வண்டி நிற்கும்போது வந்த மெட்டுகளே ஏழெட்டு இருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி பேச்சில் இருந்து பிடிப்பது. நம் மாவட்டத்துப் பேச்சில் ஏற்கெனவே பாதி ராகம் உண்டு. வெளியூர்க்காரர்கள் அதைச் சொல்லித்தான் நம்மைக் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும். வீட்டில் யாராவது மனதோடு சொன்ன ஒரு வாக்கியத்தை எடுங்கள். "இன்னும் சாப்பிடல்லியா மக்களே?" என்று அம்மை பிள்ளையைக் கேட்கும்போது குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இழுக்கிறது? அதையே கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லுங்கள். பத்துத் தடவை சொல்வதற்குள் பேச்சு பாட்டுப் பக்கம் சாய்ந்திருக்கும். உடனே பதிவு செய்யுங்கள். 30 நொடி போதும்.

பதிவு செய்ததைத் திரும்பக் கேட்காதீர்கள். ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் ஒன்று தலைகால் புரியாது, இல்லையென்றால் அழித்துவிடுவீர்கள். ஒரு வாரத்துக்குப் பிறகும் போனைத் திறக்காமலே உங்கள் வாயில் நிற்கிற மெட்டு எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பத்தில் ஒன்று நிற்கும்.

நிற்கிறது என்றதும் சந்தேகப்படவும் வேண்டும். 19 வயதில் நான் கட்டிய முதல் பாட்டை முற்றத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு அக்கா சர்ச் கொயரில் பாடுகிறவர். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் பல்லவியை முடித்து மூச்சு விட்டேன். அவர், "தம்பி, இதுக்கு அனுபல்லவி எனக்குத் தெரியும்" என்று பாடியே காட்டினார். ஒரு கீர்த்தனையை அப்படியே தூக்கியிருக்கிறேன்! திருடியது எனக்கே தெரியாது. கேரல் ரவுண்டில் எப்போதோ உள்ளே போனது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். மெட்டு உறுதியானதும் மூன்று பேரிடம் வார்த்தை இல்லாமல் "தனனா" என்று பாடிக் காட்டுவேன். ஒருவர் கோவில் பாட்டு தெரிந்தவர், ஒருவர் சர்ச் பாட்டு தெரிந்தவர், ஒருவர் 24 மணி நேரமும் சினிமாப் பாட்டு கேட்கிற ஆட்டோக்காரர். மூன்று பேரும் உதட்டைப் பிதுக்கினால் மெட்டு என்னுடையது. சாயல் இருந்தால் பரவாயில்லை, எல்லார் பாட்டிலும் யாருடைய சாயலாவது இருக்கும். ஒரு வரி முழுதும் அப்படியே இருந்தால் மாற்றவேண்டும்.

வார்த்தை போடுவது

என் அம்மை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்குப் போனவள். விடியும் முன்னாலேயே வெட்டவேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். நெற்றியில் ஒரு டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டுக்குள் போவாள். அதைப் பாட்டாக்க நினைத்தபோது கையில் இருந்த மெட்டு இது:

தன்னன தானன தன்னன தானா

நாலு நாலாக 16 மாத்திரை. முதல் வரி பஸ்ஸிலேயே கிடைத்துவிட்டது.

நெற்றியில் சூரியன் கட்டிய அம்மை

எண்ணிப் பாருங்கள். நெற்-றி-யில், தன்னன. சூ-ரி-யன், தானன. கட்-டி-ய, தன்னன. கடைசியில் அம்-மை, மையை நீட்டிக்கொள்ளலாம். உட்கார்ந்துவிட்டது. இப்படிக் கிடைக்கும் முதல் வரியை நம்பி ஏமாறக் கூடாது. கஷ்டமெல்லாம் இரண்டாவது வரியில்தான் தொடங்கும்.

முதல் வரியின் இரண்டாவது எழுத்து "ற்". அடுத்த வரியிலும் இரண்டாவது எழுத்து அதுவாக இருந்தால் எதுகை. நெற்றி, சுற்றி. முதல் எழுத்து ஒன்றிவந்தால் மோனை, கடைசி ஒன்றிவந்தால் இயைபு. மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பாட்டு வாழ்த்து மடல் ஆகிவிடும். காதில் முதலில் விழுவது எதுகை, அது ஒன்று கிடைத்தால் நான் மேலே போய்விடுவேன். எழுதினேன்:

சுற்றிலும் தூங்குது மாமலை எல்லாம்

கணக்குச் சரி, எதுகை சரி. ஆனால் என் அம்மை வாயிலோ என் வாயிலோ "மாமலை" என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லை. மாத்திரைக்காக இறக்குமதி செய்தது. புதியவர்கள் செய்கிற தவறுகளில் இதுதான் முதல். "அதனை", "தனில்", "சென்றிடும்", "வந்திடும்" என்று ஓட்டை அடைக்கிற சொற்களைப் போட்டுவிடுவார்கள். ஒரு வரியில் ஒன்று இருந்தால் மன்னிக்கலாம், மூன்று இருந்தால் அந்த வரியில் சொல்வதற்கு எதுவும் இல்லை என்று அர்த்தம். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை குழந்தைகளுக்கு எழுதியதைப் படித்துப் பாருங்கள். சந்தம் பிசகாது, ஆனால் சொல் எல்லாம் வீட்டுச் சொல்.

மாற்றினேன்:

சுற்றிலும் தூங்குது ஊரொடு நாயும்

கூட்டாளி ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, "நாய் எங்கலே தூங்குது? மூணு மணிக்குத்தான் அது ஊரையே எழுப்பும்" என்றான். நியாயம்தான். இதைப் பிறகு பார்ப்போம் என்று அடுத்த வரிக்குப் போனேன்.

பால் சொட்டுவது சிரட்டையில். அந்தச் சொல் எனக்குக் கட்டாயம் வேண்டும். "கொட்டாங்கச்சி" என்று போட்டால் அது வேறு ஊர்ப் பாட்டு. ஆனால் சி-ரட்-டை, தனன்னா. என் மெட்டு தன்னன என்று கனமாகத் தொடங்குகிறது. சிரட்டையைத் தூக்கி அங்கே வைத்தால் முதல் எழுத்தை நீட்டவேண்டிவரும், "சீரட்டை" என்று கேட்கும்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒரு விஷயம். குறிலை நீட்டினால் தமிழில் சொல்லே மாறிப்போகும். மலையை நீட்டினால் மாலை. கல்லை நீட்டினால் கால். மனம் மானமாகிவிடும், கலை காலையாகிவிடும். கேட்கிறவர் அர்த்தத்தைத் தேடிக்கொண்டிருப்பார், அதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கும். மெட்டில் நீளமான இடம் எது என்று முதலில் குறித்துக்கொண்டு, அங்கே நெடிலை மட்டும் வையுங்கள். ஆ, ஓ, ஏ என்றால் தொண்டை நன்றாகத் திறக்கும். நீட்டவேண்டிய இடத்தில் "பாட்டு", "காற்று" போல உகரத்தில் முடியும் சொல் வந்தால் பாடகர் உதட்டைக் குவித்துக்கொண்டு மாட்டிக்கொள்வார். அப்புறம் மூச்சு. எழுதிய வரியை ஒரே மூச்சில் பாடிப் பாருங்கள், நீங்கள் திணறினால் அவரும் திணறுவார்.

சிரட்டைக்கு வழி கிடைத்தது. "சி"யைத் தாளம் விழுவதற்கு ஒரு மாத்திரை முன்னாலேயே எடுத்துவிட்டேன், தட்டு "ரட்"டில் விழுகிறது.

சிரட்டையில் பால்விழும் சத்தமும் கேட்கும்

இந்தச் சின்னத் தள்ளலால் வரிக்கே ஒரு துள்ளல் வந்தது. மெட்டுக்குப் பொருந்தாத சொல்லைத் தூக்கி எறியும் முன், தாளத்தில் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள்.

ஊர்ச் சொல் போடலாமா, வெளியில் புரியாதே என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். என் கணக்கு: ஒரு பாட்டில் இரண்டு மூன்று போடலாம், பக்கத்தில் இருக்கும் வரி அதற்கு விளக்கமாக இருக்கவேண்டும். பால் விழுகிறது என்றதும் சிரட்டை என்னவென்று சென்னைக்காரருக்கும் தெரிந்துவிடும். சக்கை (பலாப்பழம்), மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) இவையும் அப்படித்தான். பார்த்துப் போடவேண்டியது "வெள்ளம்". மேற்கே அது குடிக்கிற தண்ணீர். மற்ற ஊர்க்காரருக்கு ஊரை அடித்துக்கொண்டு போவது. தாகத்துக்கு வெள்ளம் கேட்டு ஒரு காதல் பாட்டு எழுதிய பையன், மதுரையில் பாடியபோது ஏன் சிரித்தார்கள் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

வீட்டிலேயே பதிவு செய்ய

இது என் தொழில், கொஞ்சம் அதிகாரத்தோடே சொல்கிறேன். பதிவு கெடுவதற்குப் பெரும்பாலும் மைக் காரணமாக இருக்காது, அறைதான் காரணம். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் குரல் எதிரொலித்துக் கலங்கும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதற்கு எதிரே நின்று பாடுங்கள். பின்னால் ஒரு மெத்தையை நிறுத்திவையுங்கள். மின்விசிறியையும் பிரிட்ஜையும் அணைத்துவிடுங்கள், முடிந்ததும் பிரிட்ஜை மறக்காமல் போடுங்கள். நான் ஒரு தடவை மறந்து, வீட்டில் மீன் குழம்பு வீணாகிப் பெரிய சண்டையாகிவிட்டது.

போனை வாய்க்கு நேர் எதிரே பிடிக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளி வையுங்கள். நேராக வைத்தால் "ப" வரும்போதெல்லாம் காற்று மோதி டப் டப் என்று கேட்கும். விமானப் பயன்முறையில் போடுங்கள், நல்ல இடத்தில்தான் யாராவது அழைப்பார்கள். சத்த அளவு காட்டும் கோடு சிவப்பைத் தொடக் கூடாது, உச்சியில் பாடும்போதும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கட்டும். குறைவாகப் பதிந்ததைக் கூட்டிக்கொள்ளலாம், உடைந்து பதிந்ததை ஒன்றும் செய்ய முடியாது. கம்ப்யூட்டர் இருந்தால் ஆடாசிட்டி இலவசம், வெட்டி ஒட்ட அது போதும். மூலப் பதிவை வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், எம்பி3 ஆக்கியதை மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.

நேரம் முக்கியம். நம் மாவட்டத்தில் ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. தகர ஷீட் போட்ட வீடு என்றால் வருடத்தில் பாதி நாள் பதிவு நடக்காது. என் வீட்டில் மதியம் இரண்டரைக்கு ஒரு பஸ் போனபிறகு மூன்றரை வரை அமைதி. என் பாட்டுகள் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் பதிந்தவை.

உரிமை

சுருக்கமாக. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி வரிக்குத் தனி உரிமை, மெட்டுக்குத் தனி உரிமை. பதிவு செய்வது கட்டாயம் இல்லை, எழுதி முடித்ததுமே உரிமை வந்துவிடுகிறது. ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 வருடமும் நிற்கும். தேதியோடு பதிவையும் நோட்டையும் பத்திரமாக வையுங்கள், உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவைத்துக்கொண்டாலும் நல்லது. மெட்டு ஒருவர், வரி ஒருவர் என்றால், சண்டை இல்லாத நாளிலேயே யாருக்கு என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாடவைப்பது

முதல் பாட்டை நீங்களே பாடவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நன்றாகப் பாடுகிற ஒருவரிடம் கொடுங்கள், அவருடைய கட்டையில். உங்கள் இரண்டு கட்டைப் பாட்டை ஐந்து கட்டைக்காரி கையில் கொடுத்து அதே சுருதியில் பாடச் சொன்னால் அந்தப் பெண் முனகத்தான் முடியும். வார்த்தையைத் தாளில் கொடுப்பதோடு, உங்கள் குரலில் தாளத்தோடு பாடிய பதிவையும் கொடுங்கள். அவர் எங்காவது மாற்றிப் பாடினால் உடனே திருத்தாதீர்கள். மூன்று தடவையும் அதே இடத்தில் மாற்றினால் அங்கே உங்கள் வரியில்தான் கோளாறு.

மேடை நம் ஊரில் நிறைய உண்டு. பள்ளி ஆண்டு விழா, கொடையில் வில்லுப்பாட்டு தொடங்கும் முன் கிடைக்கும் அரை மணி நேரம், கேரல், கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்கும் அடுத்த பந்திக்கும் நடுவில். கல்யாண வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் ஒரு குழந்தையாவது ஸ்பீக்கர் முன்னால் வந்து ஆடும். ஆடினால் தாளம் சரி.

எல்லாவற்றுக்கும் முன்னால், யாரைப் பற்றி எழுதினீர்களோ அவரிடம் பாடிக் காட்டுங்கள். பால் வெட்டுப் பாட்டை அம்மையிடம் பாடிக் காட்டியபோது எண்பதை நெருங்கியிருந்தாள். கட்டன் சாயா குடித்துக்கொண்டே கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"சூரியனும் இல்ல, ஒண்ணும் இல்ல மக்களே. அது கடனுக்கு வாங்கின லைட்டு. கடைக்காரனுக்குக் குடுக்கவேண்டிய பாக்கி ஒரு வருஷம் நின்னுது. கேக்கவும் வெக்கம், குடுக்கவும் வழியில்ல" என்றாள்.

மூன்று மாதமாகச் சரணம் வராமல் தவித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தத் திண்ணையிலேயே எழுதியது:

சூரியன் வாங்கிய பாக்கியும் நிற்கும்
ஆரிடம் கேட்கவும் அம்மைக்கு வெட்கம்

நாயைப் பற்றியும் அவளிடமே கேட்டேன். அது தூங்காது, ஆனால் தினமும் போகிறவளைப் பார்த்துக் குரைக்காது என்றாள். அந்த வரியை இன்னும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். "தூங்குது" என்ற இடத்தில் தானன என்று ஒரு சொல் வேண்டும்.